கலத்தின் அமிலச் சமநிலையும் கணனி மாதிரியும்

மிகையும் குறையும் நோய்க்கு ஏதுவாம் என்னும் மருத்துவக் கொள்கை உடல் முழுவதற்கும் உரியதாதல் போலவே, அதன் நுண்ணிய கூறாகிய கலத்திற்கும் உரியதாகும். முலையூட்டிகளின் கலத்தகத்தே பீ.எச். பெறுமானம் ஏறக்குறைய 7.2 ஆக நிலைபெறுகின்றது. அந்நிலை காக்கப்படுமாற்றைச் சமன்பாடுகளாக்கிக் கணனியிற் கணித்துக் காண்பர் அறிஞர். அம்முயற்சியின் தகுதி ஈண்டு ஆராயப்படும்.

அளவெட்டியின் தோட்டக் கிணறுகள் சுண்ணக்கற் பாறையில் அகழப்பட்டவை. மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்றுச் சுண்ணக்கல்லைக் கரைத்தலால், கிணற்றுநீரில் இருகாபனேற்று மிகுகின்றது. அந்நீரிற் சிறிது அமிலம் விழினும் பீ.எச். பெரிதும் மாறுவதில்லை. குருதியிலும் கலத்திலும் இவ்வேதியியலே தொழிற்படுகின்றது. எனினும், தாங்கல் வேறு, மீட்டல் வேறு. தாங்கல் வீழ்ச்சியைக் குறைக்குமேயன்றி, வீழ்ந்ததை உயர்த்தாது. இவ்வேறுபாட்டைத் தெளிவித்தமையே மாதிரிகளின் முதற் சிறப்பாகும். 1976 ஆம் ஆண்டிற் போரன், டி வீர் என்னும் இருவர் கணவாயின் பெருநரம்பிழையைக் காபனீரொட்சைட்டுக்கு உட்படுத்தினர். உள்ளே பீ.எச். தாழ்ந்து, பின் மெல்ல உயர்ந்தது. அமிலத்தை வெளியேற்றும் பொறிமுறை ஒன்றைச் சேர்த்தாலன்றி, அவர்தஞ் சமன்பாடுகள் அவ்வுயர்வைத் தரவில்லை.

முலையூட்டிக் கலத்திற்கு வருவோம். வெளியே பீ.எச். 7.4, மென்சவ்வின் அழுத்த வேறுபாடு 60 மில்லிவோல்ற்று எனக் கொள்க. ஐதரசன் அயன்கள் அவ்வழுத்தத்திற்கு ஏற்பத் தாமே பரம்பின், உள்ளே 6.4 ஆதல் வேண்டும். சோடியத்தை உள்வாங்கி ஐதரசன் அயனை வெளிவிடும் பரிமாற்றுப் புரதம், சோடியச் செறிவின் பத்து மடங்கு வேறுபாட்டை முற்றும் பயன்படுத்தின், 8.4 ஆதல் வேண்டும். கலமோ இரண்டிலும் நில்லாது இடையே நிற்கின்றது. இதன் காரணத்தை 1982 இல் ஆரன்சனும் அவருடன் ஆய்ந்தோரும் முயலின் சிறுநீரகத்திற் கண்டனர். உள்ளிருக்கும் ஐதரசன் அயன், புரதத்தின் பிறிதோரிடத்திற் பொருந்தி அதனைத் தூண்டுகின்றது. அமிலம் மிகின் பரிமாற்றம் விரையும், குறையின் ஓயும். இதனைக் கொள்ளாத மாதிரி, கணிதத்திற் பிழையற்றதாயினும் உயிரியலிற் பிழைபட்டதேயாம்.

குறைகளும் உள. மாறிலிகள் பலவாயின், எவ்வளைகோட்டையும் பொருத்திவிடலாம், பொருத்தம் நிறுவலாகாது. மேலும், பல மாதிரிகள் கலத்தை நன்கு கலக்கப்பட்ட ஒரு பாத்திரமாகவே கொள்கின்றன. இலீற்றரின் இலட்சங் கோடியில் ஒரு பங்கு கனவளவுள்ள கலத்தில், 7.2 பீ.எச். இல், கட்டற்ற ஐதரசன் அயன்கள் ஏறக்குறைய 38,000 மட்டுமே. அக்கனவளவின் ஆயிரத்தில் ஒரு பங்கான இழைமணியில், 7.8 பீ.எச். இல், அவை பத்தளவினவே. ஆங்குச் செறிவு என்னுஞ் சொல்லே சராசரி ஒன்றனைக் குறிப்பதாகிவிடுகின்றது.

ஒரு கலத்தின் கணக்கு உடலின் கணக்காகாது என்பதும் மறக்கற்பாலதன்று. மேற்கூறிய பரிமாற்றத்தைத் தடுக்கும் காரிப்பொரைட்டு என்னும் மருந்து இதயத்தைக் காக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. இதய அறுவை நோயாளரிடை நிகழ்ந்து 2008 இல் வெளியான பெருஞ்சோதனையில், இதயத்தசைச் சிதைவு குறைந்தது. ஆயின் மூளைக் குருதிக்கலன் நோயால் இறப்பு மிகுந்தது.

ஆகவே, கணனி மாதிரியை உரைகல்லாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளலாகாது. அது ஆய்வோடு ஒத்துச் செல்லுமிடத்தினும், மாறுபடும் இடத்திலேயே மிகுதியும் கற்பிக்கின்றது.