காட்டுக்குப் போகிறவனின் கைப்பொதி

அமெரிக்காவின் ரொக்கி மலைத்தொடரில் எல்க் என்னும் பெரிய மானைத் தேடிப் போகிறவர்கள் கூடாரம், உணவு, ஆயுதம் எல்லாவற்றையும் முதுகில் சுமந்தே நாட்கணக்கில் நடக்கிறார்கள். வாகனம் போகாத மலை அது. விலங்கு விழுந்தால் அதன் இறைச்சியையும் முதுகில் ஏற்றித்தான் திரும்ப வேண்டும். இந்த உழைப்பை நம்பி அங்கே ஒரு பெரிய வணிகம் வளர்ந்திருக்கிறது. புரதமா, கிரியற்றின், கஃபீன் சேர்த்த தூள், தண்ணீரில் கரைக்கும் உப்புத்தூள் என்று வேட்டைக்காரரின் பெயராலேயே பேணிகள் விற்பனைக்கு வருகின்றன. அவற்றைக் காட்டும் காணொளிகள் இப்போது இலங்கையின் வன்னியில் அக்கராயன், ஸ்கந்தபுரம், ஜெயபுரம் பக்கத்துப் பெடியளின் கைப்பேசிகளையும் எட்டிவிட்டன. ஜிம்மில் சேர்ந்த கையோடு ஒரு பேணி மா வாங்குகிறார்கள். அதை ஒருமுறை அடித்துக் குடித்துவிட்டால் நாள் முழுக்கக் காட்டில் அலையலாம் என்றும் நம்புகிறார்கள்.

இதில் எடுத்துக்கொள்ள வேண்டியவையும் இருக்கின்றன, தள்ள வேண்டியவையும் இருக்கின்றன. அந்த வேட்டைக்காரர்களின் பயிற்சி நமக்கு வேண்டும். அவர்களின் பேணி, காட்டுக்குப் போகிற ஆளுக்கு அநேகமாக வேண்டாம். வன்னியில் புரதம் குறைவாக இருப்பது உண்மைதான். அந்தக் குறைவு இருப்பது வீட்டுச் சாப்பாட்டுக் கோப்பையில். என் கட்சி இதுதான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். மானும் மரையும் இலங்கையில் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். அவற்றைச் சுடுவதும் அவற்றுக்குக் கண்ணி வைப்பதும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். 2009இல் அந்தச் சட்டம் இன்னும் இறுக்கப்பட்டது. மானுக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தையும் மாட்டும். அப்பு காலத்து வேட்டைப் பெருமையைச் சொல்லி இன்றைய சுருக்குகளை நியாயப்படுத்த முடியாது. ஆனால் காட்டுக்குள் உழைக்கிறவர்கள் வேறு பலர் இருக்கிறார்கள். தேன் எடுக்கிறவர்கள், பட்டி மாடு தேடிப் போகிறவர்கள், பாலைப்பழம் பிடுங்கப் போகும் குடும்பங்கள், வனத் திணைக்கள ஊழியர்கள், கனத்த காப்புடை போட்டுக்கொண்டு வெயிலில் குந்தியிருந்து கண்ணிவெடி அகற்றும் பெண்களும் ஆண்களும். வேட்டைக்காரனின் உடல் கேட்பதைத்தான் இவர்களின் உடலும் கேட்கிறது.

அமெரிக்க வேட்டைக்காரரிடம் நான் மதிப்பது அவருடைய முன்னாயத்தத்தை. செப்டெம்பரில் மலையேற இருப்பவர் மாதக்கணக்கில் முன்னதாகவே முதுகில் பாரம் ஏற்றி நடக்கத் தொடங்கிவிடுகிறார். சிறிய பாரத்தில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டி, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தொடையையும் முழங்காலையும் பழக்குகிறார். நம் முந்திய தலைமுறைக்கு இது தேவைப்படவில்லை. சைக்கிளில் விறகு கட்டி ஏ9 வீதி வரை மிதித்தவருக்கும் சேற்றில் வரம்பு கட்டியவருக்கும் வேலையே பயிற்சியாக இருந்தது. இன்று வயலுக்கு லான்ட்மாஸ்டர் வந்துவிட்டது, பக்கத்துக் கடைக்கும் மோட்டார்சைக்கிளில் போகிறோம். ஜிம்மில் பெஞ்சில் கிடந்து நெஞ்சுக்கும் புயத்துக்கும் பாரம் தூக்குகிற இளைஞனுக்குக் கால் பலம் அதே அளவில் வருவதில்லை. பத்துக் கிலோ அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு குளக்கட்டில் விடியப்புறம் ஒரு மணி நேரம், கிழமையில் நாலு நாள் நடந்தால் போதும். இரண்டு மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அவர்களிடம் மதிக்கத்தக்க இன்னொன்று நிறைக் கணக்கு. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி தரும். மாச்சத்தும் புரதமும் 4 கலோரிதான். சுமந்து நடப்பவருக்குக் குறைந்த நிறையில் கூடிய கலோரி வேண்டும். வட அமெரிக்கப் பழங்குடிகள் காய்ந்த இறைச்சியை இடித்துக் கொழுப்பில் குழைத்துச் செய்த பெமிக்கன், துருவப் பயணிகள் வரை போனதற்குக் காரணம் இதுதான். நம்மிடமும் அதற்கு ஈடானது உண்டு. முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் பஸ் நிற்கும்போது வாங்குகிறோமே கச்சான், அதில் 100 கிராமில் ஏறத்தாழ 25 கிராம் புரதமும் 550 கலோரிக்கு மேலும் இருக்கின்றன. எள்ளில் பாதிக்குப் பாதி எண்ணெய். எள்ளையும் பனங்கட்டியையும் இடித்துப் பிடித்த உருண்டை நாலு மடியில் கிடந்தால் அரை நாள் ஓடும். வெயிலில் உருகாது, தண்ணீர் கேட்காது, குலுக்கும் போத்தல் வேண்டாம்.

இனிப் பேணிக்கு வருவோம். ஒரு கரண்டி புரதமா ஏறத்தாழ 30 கிராம். அதில் 20 முதல் 25 கிராம் புரதம், 120 கலோரி அளவு சக்தி. பற்றைக்குள் சுமையோடு நடக்கும் ஆளுக்கு மணிக்கு 300 கலோரி செலவாகும் என்று வைத்தால், அந்தக் கரண்டி அரை மணி நேரத்துக்கும் காணாது. புரதத்தின் வேலை தசையைக் கட்டுவதும் பழுதுபார்ப்பதும். அது பயிற்சி முடிந்த பிறகு, நாட்கணக்கில் நடக்கிற வேலை. நடந்துகொண்டிருக்கும் காலுக்கு வேண்டியது சோறும் சீனியும் எண்ணெயும் தரும் எரிபொருள். அதோடு புரதம் கூடக் கூட யூரியாவும் கூடும். அதைக் கழிக்கச் சிறுநீரகம் தண்ணீர் கேட்கும். சோளகம் வீசும் ஆனி, ஆடியில் தண்ணீர் கிடைக்காத காட்டுக்குள் போகிறவருக்கு இது தேவையில்லாத கடன்.

தண்ணீர்தான் இங்கே முதல் பிரச்சினை. வெக்கையில் கடுமையாக உழைக்கும் உடல் மணிக்கு ஒரு லீற்றர் வியர்வை சிந்தும். ஒரு லீற்றரில் சுமார் ஒரு கிராம் சோடியம், உப்பாகச் சொன்னால் இரண்டரை கிராம் போகும். இழந்ததை வெறும் தண்ணீரால் மட்டும் நிரப்பினால் இரத்தத்தில் சோடியம் இறங்கித் தலையிடி, குமட்டல், மயக்கம் வரலாம். உப்புத்தூள் விற்கும் அமெரிக்க நிறுவனங்கள் இந்த விஷயத்தில் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கின்றன. ஆனால் நம் மருந்துக்கடையில் கிடைக்கும் ஜீவனிப் பக்கற் அதையே மிகக் குறைந்த விலையில் செய்கிறது. அதுவும் இல்லையென்றால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பும் ஆறு தேக்கரண்டி சீனியும் போதும். இளநீர் நல்லது என்பார்கள். நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு, ஆகவே வியர்வைக்கு முழு ஈடாகாது. விடியக் காலை உப்பும் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பழஞ்சோற்றுத் தண்ணியைக் குடித்துவிட்டுப் போன கிழவர்கள், கணக்குத் தெரியாமலே கணக்காக நடந்திருக்கிறார்கள்.

கஃபீன் தூள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கரண்டியில் மூன்று கோப்பிக்கு ஈடான கஃபீன்கூட இருக்கலாம். அது களைப்பைப் போக்குவதில்லை, களைப்பு தெரியாமல் மறைக்கிறது. வெயிலில் உழைக்கிறவருக்குக் களைப்பு ஓர் எச்சரிக்கை. அதை அணைத்துவிட்டு நடப்பது ஆபத்து.

கிரியற்றின் வேறு வகை. விளையாட்டுத் துறையில் நன்றாக ஆராயப்பட்டு, பயன் நிறுவப்பட்ட பொருட்களில் அது ஒன்று. நாளுக்கு 3 முதல் 5 கிராம் எடுத்தால் பாரம் தூக்குவது போன்ற குறுகிய கடும் முயற்சிகளுக்கு உதவும். தசைக்குள் நீரைத் தேக்கி உடல் நிறையைக் கூட்டுவதால் நெடுந்தூரம் நடப்பவருக்குப் பெரிய பயன் இல்லை. என் கவலை வேறு. வட மத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த, காரணம் அறுதியாகத் தெரியாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கமும் உண்டு. வன்னியில் பலருக்கு அது தலைக்கு மேல் தொங்கும் அச்சம். நல்ல சிறுநீரகத்தைக் கிரியற்றின் கெடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் உடலில் அது சிதைந்து கிரியற்றினின் ஆகிறது. சிறுநீரகத்தைச் சோதிக்க இரத்தத்தில் அளப்பதும் அந்தக் கிரியற்றினினைத்தான். பேணி எடுக்கும் இளைஞனின் இரத்தத்தில் அது கூடுதலாகத் தெரிந்தால், நோய் இல்லாத இடத்தில் நோய்ப் பயம் வரும். உண்மையிலேயே நோய் தொடங்கியிருந்தால் ‘அது மாவால் வந்தது’ என்று விட்டுவிடவும் கூடும். இரண்டாவதுதான் கொடியது. கிளினிக்கில் இரத்தம் கொடுக்கும்போது என்ன எடுக்கிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதுபட்டவருக்கோ கூடுதல் புரதமும் கூடாது.

அடுத்தது, பேணிக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இத்தகைய பொருட்களுக்கு மருந்துகளைப் போல விற்பனைக்கு முன் அனுமதி வேண்டியதில்லை. கேரள மருத்துவர்களை உள்ளடக்கிய குழு ஒன்று இந்தியச் சந்தையின் 36 புரதமாக்களைச் சோதித்து 2024இல் முடிவுகளை வெளியிட்டது. ஏறத்தாழ 70 வீதமானவற்றில் புரத அளவு சீட்டில் எழுதியபடி இல்லை. சுமார் 14 வீதத்தில் அஃப்ளாரொக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு. 8 வீதத்தில் பூச்சிநாசினிச் சுவடு. மூலிகை என்றாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது. 2011 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தின்போது தோள் வலிக்கு மூலிகை மருந்து எடுத்த இலங்கை வீரர் உபுல் தரங்கவின் மாதிரியில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்ரெரொயிட் காணப்பட்டு, மூன்று மாதத் தடை வந்தது. தேசிய அணி வீரருக்கே தான் விழுங்குவது என்னவென்று தெரியாமல் போன நாட்டில், ஊர்ப் பிள்ளைக்குச் சீட்டைப் பார்த்துவிட்டு நம்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதனால் பழையதெல்லாம் பொன் என்று ஆகிவிடாது. ஒடியலை எடுத்துக்கொள்வோம். பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவை எலிகளுக்கு ஊட்டிய இலங்கை ஆய்வாளர்கள், அதில் ஈரலைத் தாக்கும் நச்சுத்தன்மை இருப்பதை 1970களிலேயே கண்டார்கள். நம் பெண்கள் கூழுக்கும் பிட்டுக்கும் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிவை வடித்து, மறுபடி தண்ணீர் விட்டு வடித்து, காறல் போகும் வரை கழுவியது அனுபவத்தால் வந்த காப்பு. அவசரத்தில் அந்தப் படியைத் தாண்டக்கூடாது. நார் வழியே கிழித்துக் கடைவாயில் போட்டு நெடுநேரம் மெல்லும் புழுக்கொடியல், பசியைப் பிடித்து வைக்கும் அருமையான வழியுணவு. ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் மாச்சத்துத்தான். சரியாக உலராத கச்சானிலும் அதே அஃப்ளாரொக்சின் வரும். பூஞ்சை பிடித்த கொட்டையைப் பார்த்து எறியாமல் இடித்து உருண்டை பிடித்தால், பேணியைக் குறை சொல்லும் தகுதி நமக்கு இல்லை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 1996இல் போரால் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்த சனம் ஸ்கந்தபுரத்திலும் அக்கராயனிலும் மரநிழல்களில் குந்தியபோது, பொருளாதாரத் தடைக்குள் எது கிடைத்ததோ அதைத்தான் உண்டது. ஒடியலும் காட்டுப்பழமும் கஞ்சியும் உயிரைக் காத்தன. அதை ஒரு பூரண உணவுமுறையாக இன்று புகழ்வது அந்தக் காலத்துப் பசியை மறைத்துவிடும்.

அந்தப் பசி புரதக் குறைவாக இன்றும் பல வீடுகளில் நீள்கிறது. நாளுக்கு நானூறு கிராம் அரிசி உண்ணும் அறுபது கிலோ கூலியாளுக்குச் சோற்றிலிருந்து முப்பது கிராம் அளவுக்குள்தான் புரதம் கிடைக்கும். சாதாரண மனிதருக்கு உடல் நிறையில் கிலோவுக்கு 0.8 கிராம், அதாவது 48 கிராம் வேண்டும். தசை கட்டுகிறவருக்கான மேல் எல்லை என்று, 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த கட்டுரை கண்டது கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம், அதாவது இவருக்கு 96 கிராம். அதற்கு மேல் விழுங்குவதால் தசை கூடவில்லை. சோறு தரும் முப்பதுக்கும் இந்த 96க்கும் இடையிலுள்ள தூரத்தைப் பயறு, கௌபி, உழுந்து, நெத்தலிக் கருவாடு, சோயா மீற், முட்டை, வன்னி எருமைத் தயிர் ஆகியவற்றால் நடந்து கடக்கலாம். தரம் சோதிக்கப்பட்ட புரதமா, நோயிலிருந்து எழும்பும் ஒருவருக்கோ பல்லில்லாத முதியவருக்கோ போட்டிக்குத் தயாராகும் வீராங்கனைக்கோ உண்மையாக உதவும். அந்த இடத்தை அதற்குக் கொடுத்துவிடுகிறேன்.

இலங்கை அரசு 1973 முதல் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்துவந்த திரிபோஷா, சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த ஊட்ட உணவு. 2022 பொருளாதார நெருக்கடியில் தரமான சோளம் கிடைக்காமல் சின்னப் பிள்ளைகளுக்கான உற்பத்தி தடைப்பட்டது. அதே காலத்தில் ரூபாய் விழுந்து, இறக்குமதிப் பேணியின் விலை கூலியாளின் பல நாள் சம்பளமானது. ஒரு பேணி வாங்கும் காசுக்கு ஒரு வீட்டில் அம்மாவும் தங்கச்சியும் சேர்த்து மாதக்கணக்கில் நாளுக்கொரு முட்டை சாப்பிடலாம். ஜிம்முக்குப் போகும் தம்பிமார் அந்தக் காசை வீட்டுக் கறிச்சட்டிக்குக் கொடுத்துவிட்டு, தங்களுக்கு உரிய பங்கையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.