ஹமீதின் விசா: 'ஆடுஜீவிதம்' மறுவாசிப்பு

2024 மார்ச்சில் 'ஆடுஜீவிதம்' படம் வந்த சமயம், திற்பரப்பில் ஒரு டீக்கடையில் காதில் விழுந்த விமர்சனம் ஒரே வரிதான்: "விசாவ ஒழுங்கா பாத்துட்டு போணும், இல்லேன்னா இதுதான் கதி." கல்ஃபுக்குப் போய்வந்தவர்கள் நிறைய உள்ள ஊர் இது. அனுபவத்தில் சொல்கிற வார்த்தை என்று நானும் தலையாட்டிவிட்டேன். அப்புறம் பென்யாமினின் நாவலை (2008) மறுபடி எடுத்தேன். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி என்பதால், எங்கள் பக்கம் மலையாளம் வாசிக்கிறவர்கள் இன்றும் உண்டு. இந்தத் தடவை படித்தபோது, அந்த டீக்கடை வரி தப்பு என்று பட்டது.

கதை பலருக்கும் தெரியும். ரியாத் விமான நிலையத்தில் யாரென்றே தெரியாத ஒரு அர்பாப் வந்து நஜீபைக் கூட்டிப்போகிறார். மூன்று வருஷத்துக்கும் மேலே பாலைவனத்தில் ஆடு மேய்க்கிறான். ஆனால் நாவல் பாலைவனத்தில் தொடங்கவில்லை, பத்தாவில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் தொடங்குகிறது. நஜீபும் ஹமீதும் தங்களைக் கைது செய்யமாட்டார்களா என்று அங்கே காத்து நிற்கிறார்கள். ஜெயிலுக்குப் போனால்தானே ஊருக்கு அனுப்புவார்கள்!

ஜெயிலில் ஒரு அணிவகுப்பு உண்டு. ஓடிப்போன ஆட்களைத் தேடி அர்பாப்கள் வருவார்கள், கைதிகள் வரிசையில் நிற்க வேண்டும். ஹமீதின் அர்பாப் வந்து அடையாளம் காட்டுகிறார், ஹமீத் கதறக் கதற இழுத்துப்போகப்படுகிறான். நஜீபின் அர்பாபும் வருகிறார், பார்க்கிறார், விட்டுவிட்டுப் போய்விடுகிறார். காரணம் பின்னால்தான் தெரிகிறது. நஜீப் அவர் விசாவில் வந்தவன் இல்லை. வந்திருந்தால் இழுத்துப்போயிருப்பார்.

கவனியுங்கள். காகிதம் சரியாக இருந்தவன் திரும்பக் கொத்தடிமை ஆனான். காகிதம் இல்லாதவன் ஊர் வந்து சேர்ந்தான். "விசாவ ஒழுங்கா பாத்துட்டு" போனவன் ஹமீத்தான்!

இது கதைக்காகச் செய்த திருப்பம் இல்லை, கஃபாலா முறையே இப்படித்தான். அங்கே குடியிருக்கும் உரிமையை அரசு நேராக உங்களுக்குத் தருவதில்லை. கஃபீல் என்கிற ஒரு தனிமனிதரோ கம்பெனியோ மூலமாகத்தான் இக்காமா கிடைக்கும். 2021 மார்ச்சில் சவூதி இதைத் தளர்த்தியது. முதலாளி சம்மதம் இல்லாமலே வேலை மாறலாம், நாட்டை விட்டு வெளியே போகலாம் என்றார்கள். ஆனால் வீட்டு வேலைக்காரர்கள், டிரைவர்கள், தோட்டக்காரர்களோடு ஆடு மேய்ப்பவர்களையும் அதில் சேர்க்கவில்லை. கஃபீலே இல்லாமல் நிரந்தரமாகத் தங்கவும் 2019-இல் ஒரு வழி திறந்தது. கட்டணம் 8 லட்சம் ரியால்.

கனடாவில் நிரந்தர வசிப்புரிமை பெற்ற ஒருவர், ஐந்து வருஷத்தில் 1,095 நாள் அங்கே இருந்தால் குடியுரிமைக்கு மனுப் போடலாம். நஜீப் அந்த மஸராவில் கழித்தது அதைவிட அதிக நாள். அந்த வசிப்புரிமை வாங்குவது லேசில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே நாட்கள் கணக்கில் சேர்கின்றன. கல்ஃபில் முப்பது வருஷம் இருந்தவரும் கடைசி இக்காமா முடிந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

நாவல் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இவ்வளவு கூர்மையான காட்சியை எழுதிய பென்யாமின், அதன் பாரத்தை விதியிடமும் அல்லாவிடமும் ஒப்படைத்துவிடுகிறார். நஜீபின் நம்பிக்கை நஜீபுக்கு நியாயம்தான், அதில்தான் அவன் உயிரோடு இருந்தான். ஆனால் ஹமீதை இழுத்துப்போனது விதியா? சட்டம்தானே! ஹமீத் போனதும் நாவல் அவன் பின்னால் போவதில்லை. படமும் மணலையும் பட்டினியையும்தான் கண் நிறையக் காட்டுகிறது. அதனால் வாசகருக்கும் பார்வையாளருக்கும் மிஞ்சுவது ஒரு கொடூரமான அர்பாப், ஒரு தப்பான விசா. அங்கிருந்து "பாத்துட்டு போணும்" என்கிற புத்திமதிக்கு ஒரே எட்டுதான். பழி போனவன் தலையில்.

நஜீபை எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறோம், தப்பித்து வந்தானே. நாவலை இனி எடுப்பவர்கள் ஹமீத் வரும் பக்கங்களை நிதானமாகப் படியுங்கள். இக்காமாவைப் பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டு அங்கே இருக்கிற நம்ம ஆட்களின் நிலைமை நஜீபுடையது அல்ல, ஹமீதுடையது.