வன்னிசையின் வெகுசனத் திருப்பமும் கோத்தர் இசையின் விலக்கமும்: ஒலிமாற்ற விமர்சனத்திற்கான அளவுகோல்கள்

ஆய்வுச்சுருக்கம்

த்ராஷ் மெட்டல் இசைக்குழுக்கள் 1990-களில் தம் ஒலியை மாற்றிக்கொண்டதைச் ‘சமரசம்’ என்ற ஒரே சொல்லால் மதிப்பிடும் போக்கு நிலைபெற்றுள்ளது. அச்சொல் எதை விளக்குகிறது, எதை மறைக்கிறது என்பதை மெட்டாலிக்கா குழுவின் இரு இசைத்தொகுப்புகளைக் கொண்டும், நீலகிரியில் படகர் சடங்குகளிலிருந்து கோத்தர் இசை விலகிய வரலாற்றைக் கொண்டும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: த்ராஷ் மெட்டல், வெகுசன ஏற்பு, கோத்தர் இசை, படகர், இசை விமர்சனம்

முன்னுரை

வெகுசன ஏற்பை நாடி ஒரு கலைவடிவம் மாறும்போது அதனை வீழ்ச்சியாகக் காண்பது நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுகளிலும் பரவலான பார்வையாகும். திரைக்குச் சென்ற கானா, மேடைக்குச் சென்ற பறை ஆகியன குறித்த விவாதங்களில் தூய்மை கெட்டது என்ற முறையீடு மீண்டும் மீண்டும் எழுகிறது. இம்முறையீட்டின் உலகறிந்த வடிவம் த்ராஷ் மெட்டலைச் சுற்றி எழுந்ததாகும். 1980-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் வலுப்பெற்ற இவ்விசை, மிகு விரைவு, உள்ளங்கையால் நரம்பை அடக்கி மீட்டும் கிதார் ஒலி, இரட்டைக் கால்முரசு, பல பகுதிகளாக நீளும் பாடலமைப்பு ஆகியவற்றை அடையாளமாகக் கொண்டது. வானொலி இதனைப் புறக்கணித்ததையே ரசிகர்கள் இதன் பெருமையாகக் கருதினர்.

சமரசம் என்ற தீர்ப்பு

மெட்டாலிக்கா 1988-இல் வெளியிட்ட ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ தொகுப்பில் ஏறத்தாழ 65 நிமிடங்களில் 9 பாடல்கள் உள்ளன. 1991-இல் குழுவின் பெயரையே தாங்கி வந்த, ‘கறுப்புத் தொகுப்பு’ என்று வழங்கப்பெறும் இசைத்தட்டில் ஏறத்தாழ அதே கால அளவில் 12 பாடல்கள் உள்ளன. பாடலின் சராசரி நீளம் 7 நிமிடங்களிலிருந்து 5 நிமிடங்களாகக் குறைந்தது. வேகம் தணிந்தது. முந்தைய தொகுப்பில் கேட்பதற்கே அரிதாயிருந்த பேஸ் கிதார் தெளிவாக ஒலித்தது. மென்பாடல் ஒன்றில் மைக்கேல் கேமன் அமைத்த வாத்தியக் குழு இசை சேர்ந்தது. தயாரிப்பாளரான பாப் ராக், மாட்லி க்ரூ போன்ற வெகுசனக் குழுவிற்குப் பணியாற்றியவர் என்பது ஐயத்தை வளர்த்தது. அமெரிக்காவில் மட்டும் அத்தொகுப்பு 1.6 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றது. மெகாடெத்தின் ‘ரிஸ்க்’, ஜெர்மானியக் குழுவான க்ரியேட்டரின் ‘எண்டோராமா’ ஆகிய 1999-ஆம் ஆண்டுத் தொகுப்புகளும் இதே குற்றச்சாட்டிற்கு உள்ளாயின.

இத்தீர்ப்பில் இரு இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது, தூய்மையின் தொடக்கப்புள்ளி நிலையற்றது. 1984-இல் வந்த ‘ஃபேட் டு பிளாக்’ என்ற மெதுவான பாடலுக்காகவே மெட்டாலிக்கா மீது இக்குற்றம் சாட்டப்பட்டது. இன்று அப்பாடல் த்ராஷ் காலத்துச் செவ்வியல் படைப்புகளுள் வைத்துப் போற்றப்படுகிறது. இரண்டாவது, பழைய ஒலிக்குத் திரும்புதலும் சந்தையில் மதிப்புடையதே. நீண்ட, விரைவான பாடல்களுக்குத் திரும்பிய 2008-ஆம் ஆண்டின் ‘டெத் மேக்னெடிக்’ தொகுப்பும் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. எனவே ஒலியின் கூறுகளை மட்டும் கொண்டு நேர்மையை அளக்க இயலாது.

நீலகிரியிலிருந்து ஒரு மறுபார்வை

நீலகிரியின் படகர் ஊர்களுள் இத்தலாரும் ஒன்று. இத்தகைய ஊர்களின் இசை வரலாற்றை நோக்கினால் மேற்கண்ட கேள்வி தலைகீழாகிறது. படகரின் ஈமச்சடங்குகளுக்குக் கோத்தர் இசைப்பது மலையின் நெடுங்கால வழக்கமாக இருந்தது. கொள் என்னும் ஊதுகுழல், கொப் என்னும் வளைகொம்பு, தப்பட்டையை ஒத்த தோற்கருவி, உருளை முழவுகள் ஆகியவை அக்குழுவில் இடம்பெறும். இரும்புக் கருவிகளும் மட்கலன்களும் கோத்தரிடமிருந்து படகருக்குச் செல்ல, தானியம் கோத்தருக்கு வந்தது. இசை இக்கொடுக்கல் வாங்கலின் ஒரு பகுதியாக இருந்தது.

1930-களில் படகருள் சீர்திருத்தம் நாடியோர் கோத்தர் இசையை விலக்க முற்பட்டனர். மரபு பேணியோர் எதிர்த்தனர். அக்காலத்தில் களப்பணி செய்த டேவிட் மண்டல்பாம் இம்மோதலைப் பதிவு செய்துள்ளார். சமவெளி இந்துச் சமூகத்தின் மதிப்பைப் பெற விழைந்தவர்களுக்கு இவ்விசை தடையாகத் தோன்றியது. மெட்டாலிக்காவின் நிகழ்வில் இசைப்போர் மாறினர், கேட்போர் முறையிட்டனர். நீலகிரியில் பெருவழக்கின் ஏற்பை நாடியவர்கள் கேட்போரே. இசைப்போர் தம் ஒலியை மாற்றவில்லை.

ரிச்சர்ட் உல்ஃபின் 2005-ஆம் ஆண்டு நூல் காட்டுவது போல், கோத்தர் தம் ஊர்களில் தெய்வத்திற்குரிய இசை, சாவிற்குரிய இசை, ஆட்டத்திற்குரிய இசை என்ற பாகுபாட்டுடன் மரபைத் தொடர்கின்றனர். தூய்மை என்ற அளவுகோலின்படி இங்கு இழப்பே இல்லை. ஆயினும் இரு சமூகங்களைப் பிணைத்திருந்த ஓர் உறவு தளர்ந்தது. மறுபுறம், அவ்வுறவில் கோத்தருக்கு விதிக்கப்பட்ட தாழ்நிலையும் கலந்திருந்தது. ஆதலால் விலக்கத்தை வெறும் இழப்பென்று புலம்புவதும் பொருந்தாது. ஊதியமும் இழிவும் ஒரே சடங்கில் வந்த நிலையில், எது இழக்கப்பட்டது என்பதைக் கோத்தரே கூற வேண்டும்.

அளவுகோல்கள்

இவ்விரு நிகழ்வுகளும் மூன்று கேள்விகளை முன்வைக்கின்றன. மாற்றத்தைத் தொடங்கியவர் யார்? அவ்வொலி ஆற்றிவந்த பணி எது, அது பின்னர் எவ்வாறு நிறைவேறியது? மாற்றத்தின் விலையைச் செலுத்தியவர் யார்? மெட்டாலிக்காவின் மாற்றத்தை இசைப்போரே தேர்ந்தனர், பயனும் அவர்களுக்கே, பழைய இசைத்தட்டுகள் ரசிகரிடம் எஞ்சின. கோத்தர் நிகழ்வில் தேர்வு ஒரு சாராரது, விலை மற்றொரு சாராரது. ஓசை நின்ற சடங்கிற்கு மாற்றுப்படி ஏதுமில்லை. பெரிதாகப் பேசப்பட்ட முதல் மாற்றத்தை விட, மரபு மாறாதது போல் தோன்றும் இரண்டாவதே ஆழமானது.

முடிவுரை

சமரசம் என்ற சொல் ஒலியைக் கேட்கிறது. ஒலியைச் சுற்றியுள்ள மனிதரைக் கேட்பதில்லை. தமிழக நிகழ்த்துகலைகள் குறித்த ஆய்வுகள் மேற்கண்ட மூன்று கேள்விகளையும் எழுப்புமாயின், தூய்மை பற்றிய முறையீடு குறைந்து சமூக வரலாறு தெளிவுறும். இத்தலார் போன்ற படகர் ஊர்களின் முதியோர் நினைவுகளும் கோத்தர் இசைஞரின் நினைவுகளும் ஒருங்கே தொகுக்கப்பட வேண்டும். ஒருவர் கூற்றை மட்டும் கொண்டு எழுதப்படும் இசை வரலாறு, இசைத்தவரையோ கேட்டவரையோ விட்டுவிடும்.