கல்லீரற் கொழுப்பும் இருதய அபாயத்தை அளக்கும் எண்ணும்

கல்லீரலில் கொழுப்புப் படிந்தவர்களின் மரண காரணங்களை வரிசைப்படுத்துங்கால் முதலிடம் பெறுவது இருதய ரோகமே என்பது வைத்தியர்கள் நன்கறிந்த செய்தி. அறிந்திருந்தும், அவ்வபாயத்தை அளக்க அவர்கள் கையிலெடுக்கும் கோல் பெரும்பாலும் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் என்னும் ஒற்றை எண்ணாகவே இருந்து வருகிறது.

அந்த எண்ணுக்குப் பெருமை இல்லாமலில்லை. சிற்றூர்ப் பரிசோதனைச் சாலையிலும் அது கிடைக்கும். அதைக் குறைத்தால் மாரடைப்புக் குறையும் என்பதும் ஐயமற ஸ்தாபிக்கப்பட்டுவிட்டது. ஆனால் பெரும்பாலான அறிக்கைகளில் அது நேரே அளக்கப்படுவதில்லை. 1972-இல் பிரீட்வால்டும் அவருடைய சகாக்களும் வகுத்த சூத்திரப்படி, மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல். அளவையும் டிரைகிளிசரைடில் ஐந்திலொரு பங்கையும் கழித்துப் பெறும் அனுமானமே அது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் சூத்திரம் பொருந்தாதென்று வகுத்தவர்களே எல்லை கட்டினார்கள். கொழுப்பேறிய கல்லீரலோ டிரைகிளிசரைடு நிறைந்த துகள்களை ஓயாமல் இரத்தத்தில் இறக்கிவிடுகிறது, அதனால் எல்.டி.எல். துகள்கள் உருவிற் சிறுத்துத் தொகையிற் பெருகி, ஒவ்வொன்றும் சுமக்கும் கொலஸ்ட்ரால் குறைந்துபோக, எண் சாதுவாகத் தோன்றும்போதே நாளச் சுவரிற் புகும் துகள்கள் மிகுகின்றன.

மொத்தம் 190, டிரைகிளிசரைடு 250, எச்.டி.எல். 35 என்று ஓர் அறிக்கை வருவதாகக் கொள்வோம். சூத்திரப்படி எல்.டி.எல். 105; நோயாளி நிம்மதியோடு வீடு திரும்புவார். அதே தாளில், மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐ மட்டும் கழித்தால், நாளச் சுவரிற் புகும் துகள்கள் அனைத்தும் சுமக்கும் கொலஸ்ட்ராலாக வருவது 155. அது 130-க்குள் நிற்கவேண்டிய எண். காசு செலவில்லாத இக்கழித்தலைச் செய்யாமல் விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. துகளுக்கு ஒன்றாக அமைந்த அபோ-பி புரதத்தை அளப்பது இன்னும் செம்மையான வழி, செலவுதான் தடை.

அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்னும் புரதத்தையும் சிலர் துணைக்கழைக்கிறார்கள். அதை உற்பத்தி செய்வது கல்லீரலே. ஆகையால் அது உயர்ந்திருக்கும்போது, நாளத்தின் அழற்சியைச் சொல்கிறதா, கல்லீரலின் அழற்சியைச் சொல்கிறதா என்று அந்த எண்ணைக் கொண்டு மட்டும் பிரித்தறிய இயலாது. கல்லீரற் கொழுப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் இருதய அபாயத்தைத் தருவதுமில்லை; டி.எம்.6.எஸ்.எப்.2 என்னும் மரபணுவின் ஒரு மாற்றத்தைப் பெற்றவர்களிடம், கொழுப்பு கல்லீரலிலேயே தங்கிவிட, இரத்தக் கொழுப்பும் இருதய அபாயமும் தணிந்து காணப்படுகின்றன.

நோய் முற்றிக் கல்லீரல் சுருங்கும் நிலையில் கொலஸ்ட்ரால் உற்பத்தியே குன்றிவிடுவதால், பல ஆண்டுகளாக உயர்ந்திருந்த எண் தானாகவே இறங்கும். அந்த இறக்கத்தை வைத்தியர் குணமென்று கொண்டு மருந்தை நிறுத்திவிடக்கூடும்.