கணக்கில் வராத காற்று

ஸ்கேனரின் திரையில் பி0171 என்ற குறியீடு தோன்றினால், எந்தப் பாகம் பழுது என்று அது சொல்வதில்லை. என்ஜினின் ஒரு வரிசை சிலிண்டர்களில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்திருக்கிறது, அவ்வளவே அதன் பொருள். உடனே ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி மாற்றுவது பரவலான வழக்கம். பெரும்பாலும் உள்ளதை உள்ளபடி சொன்னது அந்தச் சென்சார்தான்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். உள்ளே வரும் காற்றைக் காற்றளவி அளக்கிறது. அதற்கேற்பக் கணினி பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. எரிந்த புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைச் சென்சார் பார்த்துச் சொல்கிறது. காற்றளவியைத் தாண்டிய ஒரு ஹோஸில் வெடிப்பு விழுந்தால், அதன் வழியே நுழையும் காற்று கணக்கில் வராது. கலவை மெலிகிறது, கணினி பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி ஈடுகட்டுகிறது. இப்படிக் கூட்டிய அளவுதான் ஸ்கேனரில் சதவீதமாகத் தெரியும் எரிபொருள் திருத்தம். பல கார்களில் அது 20, 25 சதவீதத்தை நெருங்கிய பிறகே டாஷ்போர்டில் என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரியும். தேர்ந்த மெக்கானிக் குறியீட்டைவிட இந்த எண்ணையே நம்புகிறார்.

இந்தத் தொழிலின் அழகு, அந்த எண்ணை இரண்டு வேகங்களில் ஒப்பிடுவதில் இருக்கிறது. ஐடிலிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். மேனிஃபோல்டுக்குள் 18, 20 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் இழுக்கும். அப்போது சிறு வெடிப்பும் பெரும்பங்கு காற்றை உள்ளே விடும். 2500 சுற்றுக்கு ரேஸ் செய்தால் மொத்தக் காற்று சில மடங்காகிறது. ஒரு தம்ளர் பாலில் விட்ட கரண்டித் தண்ணீர் நாக்குக்குத் தெரியும், குடம் பாலில் தெரியாது. ஆகவே ஐடிலிங்கில் 22 சதவீதம் காட்டிய திருத்தம் 2500-இல் 4-க்கு இறங்கினால், அது கசிவேதான் என்று துணிந்து சொல்லலாம். மாறாக வேகமும் பாரமும் ஏற ஏறத் திருத்தமும் ஏறினால் சந்தேகம் பெட்ரோல் பம்பின் மேலோ அழுக்கேறிய காற்றளவியின் மேலோ திரும்ப வேண்டும். ஒரு பாகத்தையும் தொடாமல், ஆக்ஸிலரேட்டரை மட்டும் அழுத்தி எட்டும் இந்த முடிவுக்கு இணையான நேர்த்தி கார் பழுதுபார்ப்பில் அரிது.

வி வடிவ என்ஜினில் இன்னொரு துப்பும் உண்டு. மறுவரிசைக்கு உரிய பி0174 சேர்ந்து வந்தால் கசிவு இரண்டுக்கும் பொதுவான குழாயில் இருக்கலாம். தனியே வந்தால் அந்தப் பக்கத்துக் கேஸ்கெட்டை முதலில் பார்ப்பது முறை. காற்றளவிக்குப் பதில் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் கார்களில் கதையே வேறு. கசிந்த காற்றும் அழுத்தமாகக் கணக்கில் சேர்ந்துவிடுவதால் திருத்தம் பெரிதாக ஏறாது. ஐடிலிங் வேகம்தான் ஏறும்.

இடத்தைக் கண்டுபிடிக்கப் பழைய வழி, காதில் ஒரு ரப்பர் குழாயை வைத்து 'உஸ்' ஒலியைத் தேடுவது. பிரேக் பூஸ்டர் ஹோஸை இடுக்கியால் நெரித்ததும் திருத்தம் இறங்கினால் வழக்கு முடிந்தது. கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சிச் சுற்றில் மாற்றம் பார்ப்பவர்களும் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்க, அது தீயோடு விளையாடும் வேலை. புகை இயந்திரம் இவற்றிலெல்லாம் மேலானது. மினரல் ஆயிலைச் சூடாக்கிய புகையை மிகக் குறைந்த அழுத்தத்தில் உள்ளே செலுத்தினால், வெடிப்பிலிருந்து மெல்லிய இழை எழுந்து இடத்தைக் காட்டிவிடும். ஆனால் குளிரில் சுருங்கி, சூட்டில் விரிந்து தானே அடைத்துக்கொள்ளும் கேஸ்கெட்டும் உண்டு. அதைக் காலையில், என்ஜினைக் கிளப்புமுன் சோதித்தால்தான் பிடிபடும்.

குறியீடு பதிவான நொடியின் சூடு, சுற்று, பாரம் ஆகியவற்றைக் கணினி சேமித்து வைத்திருக்கும். குறியீட்டை அழித்தால் அவையும் அழியும் என்பதால் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். ஹோஸை மாற்றிய பின் திருத்தம் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். 22 இருந்த இடத்தில் 9 நின்றால் இன்னொரு கசிவு மிச்சமிருக்கக்கூடும். ஒரே வயதுள்ள ரப்பர்கள் அடுத்தடுத்து வெடிப்பவை என்பதால், புகையை மறுபடியும் ஏற்றிப் பார்ப்பதே சரி.