கப்பற் பதிவேடும் ஊர்ப்பெயரும்: ஒரு மூலபாட ஆய்வு

கடல் கடந்து வாழும் தமிழர் தம் முன்னோரின் ஊரைத் தேடி வரும் முயற்சி இந்நாளில் பெருகி வருகின்றது. அம்முயற்சிக்கு முதற்கருவியாக நிற்பது, ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோரின் பெயர் பொறித்த கப்பற் பதிவேடு. வரலாற்றாசிரியர் அதனை நன்கு பயன்கொண்டுள்ளனர். தமிழ்ப் புலமையுலகமோ அதனைத் தனக்குப் புறம்பானது எனக் கருதி ஒதுங்கி நிற்கின்றது. அஃது ஏட்டுச்சுவடி போலவே மூலபாட ஆய்வுக்கு உரியது என்பதே ஈண்டு நாம் நிறுவக் கருதுவது.

குடிவழி ஏடும் கப்பற் பதிவேடும்

இத்தகைய தேட்டத்தில் நெடிய மரபுடையோர் சீனர். தென்கிழக்காசியாவிலும் அமெரிக்காவிலும் வாழும் சீனர் பலர்க்குத் தம் மூதூரை அறிய, 'சூபு' எனப்படும் குடிவழி ஏடு துணைசெய்கின்றது. அவர்தம் குடிப்பெயர் தலைமுறைதோறும் மாறுவதில்லை. பல குடிகளில் ஒரு தலைமுறையார்க்கெல்லாம் பொதுவான எழுத்தொன்று இயற்பெயரில் அமையும். ஆதலின் பெயரைக் கொண்டே ஒருவன் எக்குடியினன், எத்தலைமுறையினன் எனத் துணியலாம்.

தமிழர்க்கு இவ்வாய்ப்பு இல்லை. தந்தையின் இயற்பெயர் மகன் பெயர்க்கு முன் நிற்கும். பேரன் காலத்தில் அது மறையும். 1860 நவம்பர் 16-ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறையை அடைந்தது முதல் 1911 வரை, நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவருள் பெரும்பாலோர் சென்னையிற் கப்பலேறியவர். சென்ற நாட்டில் ஒருவரின் இயற்பெயரோ பட்டப்பெயரோ குடும்பப் பெயராய் உறைந்துவிட்டது. எனவே, 'முனுசாமி' குடும்பம் எங்கே என ஊரில் வினவுவோர் விடை பெறார். அது தனியொருவன் பெயரேயன்றிக் குடிப்பெயர் அன்று. எஞ்சும் திறவுகோல் ஊர்ப்பெயர் ஒன்றே.

பதிவேட்டில் எண், பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலடையாளம் என்பன நிரல்பட உள்ளன. சுரேந்திர பாணா 1991-இல் வெளியிட்ட நூலில் 1860 முதல் 1902 வரையுள்ள நேட்டால் பதிவேடுகளை எண்ணிக்கை நோக்கில் வகுத்துக் காட்டினார். அதன் பயன் பெரிது. ஆயினும், தொகுத்தெண்ணுவார்க்கு ஊர்ப்பெயர் பல கூறுகளுள் ஒன்று. தேடுவார்க்கு அதுவே முழுப்பொருள். அப்பெயரைச் செவ்வனே படித்தல் புள்ளியியலின் பணி அன்று, மொழிநூலின் பணி.

சிறுசேரி என்னும் சான்று

நாவலூர்க்கும் கேளம்பாக்கத்துக்கும் இடையே உள்ள சிறுசேரியின் பெயர் ஒரு பதிவில் ஆங்கில எழுத்தில் காணப்படுவதாகக் கொள்வோம். அவ்வெழுத்து ரகர றகரங்களைப் பிரித்துக் காட்டாது. எகர ஏகாரங்களையும் காட்டாது. சகரத்தை ஒருகால் ஒருவகையாயும் பிறிதொருகால் வேறு வகையாயும் எழுதும். இவ்விடர் நமக்குப் புதிதன்று. புள்ளியிடாத ஏடுகளில் எகர ஏகார வேறுபாடு மறைந்தமையைப் பொருளும் யாப்பும் பிற ஏடுகளும் கொண்டு தீர்த்தவர் உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர். ஊர்ப்பெயர்க்கு யாப்பில்லை, எனினும் ஊர்ப்பெயர் அமையும் முறை உண்டு. ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழகம் ஊரும் பேரும்' அதற்கு வழிகாட்டி. இதே வட்டாரத்துச் சிறுதாவூர் 'சிறு' என்னும் அடைக்குத் துணைச்சான்றாகும்.

'சேரி' என்னும் ஈறு மேலும் கருதத்தக்கது. உத்தரமேரூர்ச் சோழர் கல்வெட்டுகளில் அச்சொல் பிராமணர் ஊரின் பகுதிகளைக் குறித்தது. பிற்காலத்தில் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பு என்னும் பொருளிற் குறுகிற்று. ஆதலின், பதிவில் 'சேரி' என வருவது ஊரின் பெயரா, ஊரின் ஒரு பகுதியா என்பதை இடந்தோறும் ஆராய்தல் வேண்டும்.

மாவட்டப் பெயரும் மயக்கம் தருவதே. அந்நாளைச் செங்கற்பட்டு மாவட்டம் பொன்னேரி, திருவள்ளூர், காஞ்சிபுரம், சைதாப்பேட்டை முதலியவற்றையும் அடக்கியது. அது 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019-இற்றான் இன்றைய செங்கற்பட்டு மாவட்டம் பிரிந்தது. இன்றைய எல்லைக்குள் மட்டும் தேடுவோர் ஊரைத் தவறவிடுவர்.

ஊரில் எழுதப்படாதோர்

சங்கத் தொகைகளில் கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் எனப் புலவர் ஊர்ப்பெயரோடு விளங்குகின்றனர். கிழார் என்பது உரிமையுடையோர் எனப் பொருள்படும். கப்பலேறியோருள் பலர் ஊரில் ஓர் உரிமையும் இல்லாதவர். 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் அளித்த அறிக்கை, இம்மாவட்டப் பறையர் நிலமும் மனையுரிமையும் இன்றி வாழ்ந்தமையை எடுத்துரைத்தது. நிலமில்லாதவன் பெயர் பட்டாவில் ஏறாது, கல்வெட்டிலும் இராது. அத்தகையோன் இன்னாரின் மகன், இன்ன ஊரினன் என்று எழுதிவைத்த ஏடு, அவனை ஊரினின்று பிரித்துச் சென்ற கப்பலின் ஏடே. மகளிரைச் சூபு பெரும்பாலும் தந்தையின் குடிப்பெயரளவிற் சுட்டி அமையும். இப்பதிவேட்டிலோ பெண்ணும் தன் பெயரோடும் தனி எண்ணோடும் நிற்கின்றாள்.

பெயரையும் சாதியையும் மறைத்துக் கூறியோரும் உளராகலின் இப்பதிவேடு நம்பத்தக்கதன்று என்பர் சிலர். அத்தடை ஓரளவு உண்மையே. ஆயின் இடைச்செருகல் உண்டென்பதனால் ஏட்டை எறிவார் இலர். ஐயமுள்ள இடத்தைக் குறித்து மேற்செல்வதே பதிப்புநெறி.

ஆகவே செய்யத்தக்கன நான்கு. பதிவிலுள்ள ஆங்கில வடிவை மாற்றாது காத்தல் வேண்டும். அதற்கு நேரான தமிழ் வடிவங்களைப் பாடவேறுபாடுகளாகத் தருதல் வேண்டும். தெளிவு, ஐயம் என அவற்றைத் தரம் பிரித்தல் வேண்டும். குடும்பத்தார் நினைவிலுள்ள குலதெய்வப் பெயரோடு ஒப்புநோக்குதல் வேண்டும். இவற்றுள் எதுவும் பொருந்தாதவிடத்து ஊரைக் கற்பித்து உரைத்தல் கூடாது.

டர்பனிலுள்ள காந்தி–லுத்துலி ஆவண நடுவம் நேட்டால் பதிவேடுகளை ஆய்வாளர்க்குக் கிடைக்கச் செய்துள்ளது. அவற்றுள் செங்கற்பட்டுப் பதிவுகளை மட்டும் எடுத்துப் பதிப்பித்தல் முதுகலை மாணவர் சிலர் கூடி முடிக்கத்தக்க பணியாகும். சிறுசேரியில் இன்று சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்துள்ளது. பழைய குடியிருப்புகளின் பெயரறிந்த முதியோரோ ஆண்டுதோறும் குறைகின்றனர். பதிவேடு காத்திருக்கும், அவர் நினைவு காத்திராது. ஆதலின் ஊர்தோறும் சென்று அப்பெயர்களைக் கேட்டெழுதுதலை முதலிற் செய்தல் வேண்டும்.