தேர்ந்தெடுக்கும் கையும் ஆணி அடிக்கும் கையும்

ஓவியக் கண்காட்சியின் திறப்பு விழாவுக்கு வருகிறவர் வெள்ளைச் சுவரையும் படங்களையும் பார்க்கிறார். முந்தின இரவு அதே கூடத்தில் படங்களெல்லாம் சுவரோரம் சாய்ந்து நிற்கும். ஒருவர் நூல் பிடிக்க, இன்னொருவர் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில், நிற்பவரின் கண்ணுக்கு நேராக வர வேண்டும் என்பது பொது வழக்கம். அந்த அளவோடு படத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, மேல்விளிம்புக்கும் பின்னால் கட்டிய கம்பிக்கும் உள்ள இடைவெளியைக் கழித்தால் ஆணியின் இடம் கிடைக்கும். கணக்கு தப்பினால் துளையைப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் தேய்த்து, வெள்ளை பூசி, காயும்வரை காத்திருக்க வேண்டும். சமூகக் கலைக்கூடங்களில் இந்த வேலையைப் பெரும்பாலும் ஓவியர்களே சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள். எந்தப் படம் சுவரேறும் என்று முடிவு செய்தவர்களும் அவர்களே.

தேர்வும் உழைப்பும் ஒரே கையில் இருப்பது கலை உலகத்துக்கு என்ன தந்திருக்கிறது, அந்தக் கைக்கு என்ன மிஞ்சியிருக்கிறது? இந்த இரண்டு கேள்விகளோடு சில நகரங்களின் அனுபவத்தைப் பார்க்கலாம்.

பாரிஸ்: சொந்தச் சுவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாரிஸில் ஓவியரின் வாழ்வும் தாழ்வும் 'சலோன்' என்ற அதிகாரபூர்வக் கண்காட்சியின் நடுவர் குழுவிடம் இருந்தன. நிராகரிக்கப்பட்ட படத்தை வாங்க ஆள் கிடைப்பது அரிது. 1873 டிசம்பரில் மோனே, ரென்வார், பிசாரோ, தெகா உள்ளிட்டவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் விதிகளுக்கு ரொட்டி சுடுவோர் சங்கம் ஒன்றின் விதிகளை மாதிரியாகக் கொண்டுவந்தவர் பிசாரோ. எல்லோருக்கும் சம உரிமை. படம் தொங்கும் இடத்தைச் சீட்டுக் குலுக்கியோ வாக்கெடுத்தோ முடிவு செய்யலாம் என்பது அவருடைய யோசனை.

1874 ஏப்ரல் 15 அன்று, புகைப்படக்காரர் நடார் முன்பு பயன்படுத்திய கூடத்தில் கண்காட்சி திறந்தது. சுமார் 30 ஓவியர்கள், ஏறத்தாழ 165 படைப்புகள். படம் மாட்டுவதற்கென்று ஒரு குழு இருந்தாலும் பெரும்பாரம் ரென்வார் தலையில் விழுந்தது. பட்டியலைத் தொகுத்தவர் அவருடைய தம்பி எட்மோன். நவீன ஓவியத்தின் தொடக்கப்புள்ளி என்று இன்று நாம் கொண்டாடும் அந்தக் காட்சி நஷ்டத்தில் முடிந்தது. கணக்குப் பார்த்தபோது உறுப்பினர் ஒவ்வொருவரும் 184 பிராங்குக்கு மேல் கடன்பட்டிருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சங்கம் கலைந்தது. ஆனால் காட்சிகள் நிற்கவில்லை. 1886 வரை மொத்தம் எட்டு நடந்தன.

ஓவியர்களே நடத்தும் கூடங்களின் முழு வரலாறும் இந்த ஒரு நிகழ்ச்சியில் சுருக்கமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். நடுவரை மறுத்து ஓவியர்கள் சொந்தச் சுவர் தேடுகிறார்கள். வேலையில் பாதி ஒரே ஆளின் தலையில் விழுகிறது. முடிவில் கடன் நிற்கிறது.

நியூயார்க்: சேர்ந்து எழுப்பிய கூடம்

1972இல் நியூயார்க்கின் வூஸ்டர் தெருவில் இருபது பெண் கலைஞர்கள் 'ஏ.ஐ.ஆர்.' கலைக்கூடத்தைத் திறந்தார்கள். பெண்களின் படைப்புக்கு வணிகக் கூடங்கள் இடம் தராத காலம் அது. அந்த இடத்தை இடித்துச் சீரமைத்தது முதல் மின்கம்பி இழுத்தது வரை பெரும்பாலும் அவர்களே செய்தார்கள். வாடகைக்கு உறுப்பினர் சந்தா. எதைக் காட்டுவது என்பது காட்டுபவரின் முடிவு. விற்குமா என்று கேட்கும் முதலாளி இல்லாததால், விலைபோகாத பரிசோதனைகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, இன்று புரூக்ளினில் அது இயங்குகிறது.

சந்தா முறையில் ஒரு நேர்மை உண்டு: செலவை யார் தாங்குகிறார்கள் என்பது வெளிப்படையாகத் தெரிகிறது. சந்தா கட்ட முடியாதவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார் என்பது அதன் குறை.

கிளாஸ்கோ: இரண்டு ஆண்டு வாரியம்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1983இல் கலைப்பள்ளியில் படித்து வெளிவந்த இளைஞர்கள், தங்கள் படைப்பைக் காட்ட ஊரில் இடமில்லை என்று 'டிரான்ஸ்மிஷன்' கூடத்தைத் தொடங்கினார்கள். சம்பளமில்லாத ஒரு சிறு குழு கண்காட்சிகளைத் தேர்ந்து நடத்தும். குழுவில் ஒருவர் இரண்டு ஆண்டு இருக்கலாம். பிறகு இடத்தைக் காலி செய்து அடுத்தவருக்குத் தர வேண்டும். உறுப்பினர் எல்லோருடைய படைப்பும் இடம்பெறும் ஆண்டுக் காட்சியும் உண்டு. இந்த ஏற்பாட்டைப் பார்த்து பெல்பாஸ்டில் 1993இல் 'கேட்டலிஸ்ட் ஆர்ட்ஸ்' தொடங்கியது. டிரான்ஸ்மிஷன் குழுவில் பணியாற்றிய சைமன் ஸ்டார்லிங் 2005இல் டர்னர் பரிசு பெற்றார். அதே குழுவில் இருந்த கிறிஸ்டின் போர்லாண்ட் 1997இல் அந்தப் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தார்.

இந்த இரண்டு ஆண்டு விதியைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு உத்திரமேரூர் நினைவுக்கு வராமல் போகாது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறையை விவரிக்கின்றன. வாரியத்தில் இருக்கும் காலம் 360 நாள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்தில் விழக்கூடாது. கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் தகுதி இழப்பார்கள். நிலமும் வேதக் கல்வியும் உடையவர்களுக்கு மட்டுமே திறந்திருந்த சபை அது என்பதை மறக்க வேண்டாம். ஆனால் அதிகாரம் ஒரே கையில் தங்கினால் கெட்டுப்போகும் என்ற அறிவை அந்தக் கல்வெட்டுச் சுவர் இன்றும் சொல்கிறது.

ஓவியரே ஓவியரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் எழும் பெரிய குற்றச்சாட்டு, நண்பர்களுக்குள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பது. அதற்கு நான் கண்ட நல்ல மருந்து இந்தக் கால வரம்புதான். இன்று தேர்ந்தெடுப்பவர் நாளை மறுநாள் இன்னொருவரின் தேர்வுக்காகக் காத்திருக்கப்போகிறவர். அந்த நினைப்பு கையை நிதானமாக்கும்.

கொழும்பும் சோழமண்டலமும்

கால வரம்பு எல்லாவற்றையும் தீர்ப்பதில்லை. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் கூடத்தில் நினைவு தங்குவது கடினம். 1943இல் கொழும்பில் லயனல் வென்ட் வீட்டில் கூடிய ஓவியர்கள், பழமைப் பிடியில் இருந்த சிலோன் கலைச் சங்கத்துக்கு மாற்றாக '43 குழுவைத் தொடங்கினார்கள். அதன் செயலாளர் பொறுப்பைச் சுமந்தவர் ஹாரி பீரிஸ். தோழர்களின் படைப்புகளைச் சேர்த்துக் காத்து, 1974இல் தன் வீட்டையே சபுமல் அறக்கட்டளையாக மாற்றினார். ஜார்ஜ் கீட், ஐவன் பீரிஸ் போன்றவர்களை இன்று அங்கே ஒருசேரக் காண முடிகிறதென்றால், ஒரு மனிதர் இடம்பெயராமல் நின்றதே காரணம்.

சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் உருவான சோழமண்டல ஓவியர் கிராமம் இன்னொரு வழியைக் காட்டியது. சென்னை அரசு கலைப்பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கினார்கள். ஓவியத்துக்குச் சந்தை வரும்வரை கைத்தொழில் சோறு போடட்டும் என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது. 2009இல் அங்கே திறந்த தற்காலக் கலை மையத்தில் சென்னை இயக்கத்தின் படைப்புகள் நிரந்தரக் காட்சியில் உள்ளன. இலவச உழைப்பை நம்பித் தொடங்கும் எவரும் பணிக்கரின் இந்தக் கணக்கை முதலில் படிக்க வேண்டும்.

கூலி என்ற கேள்வி

தன்னார்வம் என்ற சொல்லை நாம் எளிதில் புகழ்ந்துவிடுகிறோம். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வேறு வழி உள்ளவர்தான் மாதக்கணக்கில் சம்பளமின்றித் தேர்வுக் கூட்டத்தில் உட்கார முடியும். அப்படியானால் குழுவில் யார் இருப்பார்கள், அவர்கள் கண்ணுக்கு எந்தப் படைப்பு படும் என்பதையும் பணமே முடிவு செய்கிறது. வணிகக் கூடத்தின் வாசலில் நாம் விட்டுவந்த சுவர் இங்கே பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது.

கனடாவின் ஓவியர்கள் இதை முன்பே உணர்ந்தார்கள். 1968இல் ஒன்டாரியோவின் லண்டன் நகரில் ஜாக் சேம்பர்ஸ் முன்னின்று 'கார்ஃபாக்' அமைப்பைத் தொடங்கினார். படைப்பைக் காட்டுவதற்கும் அச்சிடுவதற்கும் கலைஞருக்குக் கட்டணம் தர வேண்டும் என்பது கோரிக்கை. 1988இல் கனடாவின் காப்புரிமைச் சட்டம் காட்சி உரிமையை ஏற்றது. கலைஞருக்கு இவ்வளவு கிடைக்க இருபது ஆண்டுகள் ஆயின. அந்தக் கலைஞரைத் தேடிப் பிடித்து, படத்தைக் கொண்டுவந்து, மாட்டி, காவல் காத்து, திருப்பி அனுப்பும் தன்னார்வலரின் நேரம் பல ஊர்களில் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. 2018இல் டிரான்ஸ்மிஷன் கூடமே ஸ்காட்லாந்து அரசுக் கலை நிறுவனத்தின் தொடர் நிதியை இழந்தது. முப்பத்தைந்து ஆண்டு உழைப்புக்குக்கூட உத்தரவாதம் இல்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு மூன்று ஏற்பாடுகள் தேவை என்று தோன்றுகிறது. தேர்வு செய்பவருக்குக் கால வரம்பு. போகிறவர் வருகிறவருக்கு எழுதிவைக்கும் ஒரு பதிவேடு: யார் விண்ணப்பித்தார், ஏன் ஏற்றோம், ஏன் மறுத்தோம், எவ்வளவு செலவு. மூன்றாவது, குழுவினரின் வேலை நேரத்துக்கும் ஒரு தொகையை வரவுசெலவில் எழுதுவது. கையில் பணம் இல்லாவிட்டாலும் எழுத வேண்டும். நிதி கேட்டுப் போகும்போது அந்த வரிதான் பேசும்.

கண்காட்சி முடிந்த மறுநாள் படங்கள் இறங்கும். ஆணிகளைப் பிடுங்கி, ஒவ்வொரு துளையிலும் பட்டியை அழுத்தி, தேய்த்து, வெள்ளை பூசிக் கூடத்தை ஒப்படைப்பார்கள். அடுத்து வரும் குழுவுக்கு எங்கே ஆணி அடிப்பது என்ற முடிவு முழுதாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்யும் வேலை அது. தாங்கள் பார்க்கப்போகாத படங்களுக்காகச் சுவரைத் தயார்செய்யும் அந்தக் கைகளின் ஒரு நாள் கூலியை யாராவது நோட்டில் எழுதட்டும்.